உன் அப்பாவும் உப்புக் காப்பியும்

அன்பு மகள் லென்சாவுக்கு, எத்தியோப்பியா, ஜிம்மாவிலிருந்து அம்மா எழுதுவது. நான் ஏதோ இருக்கிறேன். உன் அப்பா அல்லாஹ்வின் கருணையால் பிழைத்து வீடு வந்துவிட்டார். கனடாக் குளிரில் நீ நலமாக இருக்க துஆ செய்கிறேன், கோபத்தோடுதான் செய்கிறேன்.

போன மாதம் போனில் அவரிடம் என்ன சொன்னாய்? காப்பி குடிக்கிறவர்களுக்குச் சர்க்கரை வியாதி குறைவாக வருகிறதாம் என்று எங்கேயோ படித்ததைச் சொன்னாயாமே. வியாதி வராதவர்களுக்கு எழுதியதை, வந்து பல வருஷமான மனுஷனிடம் சொல்லலாமா? அன்றைக்கே மாத்திரையைத் தூக்கி அலமாரி மேலே போட்டுவிட்டார். "மருந்து எதுக்கு, காப்பியே மருந்துன்னு என் பொண்ணே சொல்லிட்டா" என்று தெரு முழுக்கப் பெருமை. காலையில் நம் வீட்டில் மூன்று சுற்றுக் காப்பி, மத்தியானம் பக்கத்து வீட்டு ஷிதாயெயிடம் மூன்று சுற்று. கடைசிச் சுற்றுக்குப் பரக்கா, இறையருள், என்று பேர் வைத்தார்களே, அது வசதியாகப் போயிற்று. நான் முறைத்தால், "பரக்காவை வேண்டாம்னு சொல்லச் சொல்றியா?" என்று எல்லார் முன்னாலும் என் வாயை அடைப்பார். கேட்டால் சர்க்கரை போடவில்லையாம், உப்புதானாம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா, "மாத்திரையை நிறுத்தச் சொன்ன மேதாவி யாரு?" என்று கேட்க, அரை மயக்கத்திலும் உன் பேரைச் சொன்னார் லென்சா, அதையும் பெருமையாகச் சொன்னார். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? "உப்போ சர்க்கரையோ, காப்பி உள்ள போனா உடம்பு பரபரக்கும்மா, ஈரல் தன்கிட்ட இருக்கிற சர்க்கரையை ரத்தத்துல இறக்கும், இன்சுலினும் மந்தமாயிடும்" என்றாள். எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லையாம், இவருக்கு ஏறுகிறதாம். உடம்பு தேறிய பிறகு வெறுங்காப்பி கொடுத்து அளந்தே காட்டினாள். ஏறித்தான் இருந்தது. உன் அப்பா, "மிஷின் பழசு" என்கிறார்.

சர்க்கரை அடங்கும்வரை காப்பியே கூடாது என்று உத்தரவு. மாத்திரையை நான் எதிரே நின்றால்தான் விழுங்குகிறார். நான் சொன்னால் மனைவியின் நச்சரிப்பு, நீ சொன்னால் வேதம். நீ சொல்லி நிறுத்தினார், நீயே சொல்லித் தொடங்க வை. இந்தத் தடவை அரைகுறையாகச் சொல்லாதே.

அவர் மூக்கெதிரே காப்பி வறுக்க மனசு வராமல் நானும் குடிப்பதை விட்டுவிட்டேன். தலை பிளக்கிறது. இந்தக் கடிதத்தில் இருக்கும் கோபத்தில் பாதி அதனால், மீதி உன்னால்.

வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன்னைக் காப்பான். வெள்ளிக்கிழமை போன் செய், முதலில் அவரிடம் பேசு.

உன் அம்மா
ஸைனபா