கைப்பிடிக்குள் அடங்கிய கனம்

நண்பனே,

நாளை பிள்ளையார் சதுர்த்தி. இன்று காலை தென்காசிச் சந்தையில் விளாம்பழம் வாங்கப் போனேன். கூடைக்காரி நீட்டிய பழத்தை முகர்ந்து பார்க்காமல், உள்ளங்கையில் ஏந்தி இருமுறை தூக்கிப் பார்த்தேன். "தாத்தா, பழம் வாங்குதியளா, பந்து வாங்குதியளா?" என்று அவள் சிரித்தாள். பந்துதான் என்று சொல்ல வாய் வந்தது. மாசியில் நீ போய்விட்டாய். உன்னிடம் பழகிய பழக்கத்தை என் கை இன்னும் விடவில்லை.

முதலில் தேதியைத் திருத்தி வைக்கிறேன். நாம் ஆற்றில் பந்து எறிந்து பார்த்த அந்த நாள் ஆனி மாதம் என்று கடைசிவரை சாதித்தாய். இல்லை. தாது வருடம், ஆடி அமாவாசைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆங்கிலக் கணக்கில் 1936. முதல்நாள் குற்றாலத்தில் குளிக்க வந்த அமாவாசைக் கூட்டத்துக்கு எண்ணெய் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துபோன அண்ணாச்சி ஒருவர் அன்று ஆற்றங்கரையில் படுத்துக் கிடந்தார் என்பதே என் சான்று. இதற்கு நீ ஒருநாளும் தக்க மறுமொழி சொன்னதில்லை, "ஆனிதாம்லே" என்பதைத் தவிர.

பள்ளிகளுக்கிடையே நடக்கவிருந்த பந்தெறிதல் போட்டிக்கு நீ தயாராகிக்கொண்டிருந்தாய். எந்தப் பந்தை எறிவது என்பது அவரவர் விருப்பம். நெசவு வீட்டுப் பிள்ளையான உனக்கு வயதுக்குச் சிறிய கை. வளர்ந்தவர்களை வெல்லத் தோள்வலு மட்டும் போதாது, பந்தைச் சரியாகத் தேர்ந்தாக வேண்டும் என்று முடிவு செய்தாய். அளந்து சொல்லும் வேலை என்னுடையது. கட்டாந்தரையில் பந்து உருண்டுவிடும், விழுந்த இடத்தை மணல்தான் காட்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நானே. ஆகவே குற்றாலத்துக்குக் கீழே, சிற்றாற்றின் நடுவில் ஒரு பாறையை ஒட்டிக் கிடந்த மணல்திட்டுக்கு நடந்து போனேன். தண்ணீர் கணுக்காலளவே ஓடியது. நீ கரையில் நின்று எறிந்தாய்.

ரப்பர் பந்து கையைவிட்டுச் சீறிக் கிளம்பியது. பாதி வழியிலேயே காற்று அதன் வேகத்தைத் தின்றுவிட்டது. இரும்புக் குண்டு காற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அதற்கு வேகம் கொடுக்க உன் கையால் ஆகவில்லை. தேங்காயளவு துணிப்பந்தோ விரல்களில் அடங்காமல் வழுக்கி எங்கோ போயிற்று. மரத்திலிருந்து பறித்துவந்த விளாங்காய் எல்லாவற்றையும் தாண்டி என் காலடியில் குழி பறித்தது.

"விரலுக்குள்ளயும் அடங்கணும், கையும் வேகமா ஓடணும். கண்டுபிடிச்சாச்சுலே!" என்று கூவினாய். நான் அந்தக் குழியில் குச்சி நட்டுக்கொண்டிருந்தேன்.

மலைமேல் எப்போது மழை பெய்ததோ, நிமிர்வதற்குள் தண்ணீர் செந்நிறமாகித் திட்டை மூழ்கடித்தது. பாறைமேல் ஏறிக்கொண்டேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை நீ அறிவாய்.

எண்ணெய்க்கார அண்ணாச்சி துள்ளியெழுந்து, அருகில் நின்ற மாட்டுவண்டியின் கயிற்றை அவிழ்த்துவந்தார். அவ்வளவு கனத்த கயிற்றை அப்படியே எறிய முடியாது. தூரம் அளப்பதற்காக உங்கள் தறியிலிருந்து நீ கொண்டுவந்திருந்த நூலை மூன்று இழையாக முறுக்கினாய். முதலில் நூல் வந்து சேர வேண்டும். அதன் வாலில் கயிறு.

"பெரிய கல்லாக் கட்டுடே. சின்னதெல்லாம் எங்கன போய்ச் சேரும்?"

"நீரே எறிஞ்சு பாரும் அண்ணாச்சி."

அவருடைய கல் கரையோரத்திலேயே தொப்பென்று விழுந்தது. "கல்லு போவல, என் இடுப்புதான் போச்சு" என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

நீ மீதியிருந்த விளாங்காய் ஒன்றைக் கட்டி எறிந்தாய். சற்று முன் என் காலடிவரை வந்த அதே அளவுக் காய் இப்போது பாதியாற்றில் விழுந்தது. நனைந்த நூல் அதைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தது. மறுபடி எறிந்தாய். மறுபடியும். பாறைமேல் நின்ற என் முழங்காலைத் தண்ணீர் தொட்டது.

அப்போது நீ குனிந்து உட்கார்ந்தாய். கைவிட்டுவிட்டாய் என்றே நினைத்தேன். "அண்ணாச்சி, அளவு இதேதான் இருக்கணும். கனம்தான் பத்தல" என்று நீ சொன்னதை அவர் பின்னர் சொல்லித்தான் அறிந்தேன். துண்டை நனைத்து, கூழாங்கற்களை வைத்து இறுக்கிக் கட்டித் தூக்கிப் பார்த்தாய். அவிழ்த்து இரண்டு கற்களை வெளியே போட்டாய். மீண்டும் கட்டினாய். நான் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நீ மளிகைக்கடைக்காரரைப் போல எடை பார்க்கிறாய்!

"ஏலே, அசையாத! இந்தா வருது!"

பொதி தூரம் வந்தது. ஆனால் பக்கவாட்டில் விலகி விழுந்தது. நீ வலத்தோளைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்ததைப் பார்த்தேன். ஏதோ அறுந்துவிட்டது என்று உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நூலைச் சுருட்டி இழுத்து, அதே கையால் இன்னொரு முறை எறிந்தாய். பொதி என் தலையைத் தாண்டிப் போயிற்று. நூல் என் மார்பில் விழுந்தது.

நூலை இழுத்து, ஒரு முனையில் பொதியையும் மறுமுனையில் வந்த கயிற்றையும் பிடித்து, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டேன். நீங்கள் இருவரும் இழுக்க, தண்ணீரைக் குடித்துக் கரை சேர்ந்தேன். பொதியை மட்டும் கையிலிருந்து விடவில்லை. வலக்கை தொங்க நின்ற நீ கேட்ட முதல் கேள்வி: "கடைசியா விழுந்த எடத்தக் குறிச்சியாலே?"

"எங்கனலே குறிக்க? மணலே இல்லையே!"

அண்ணாச்சி நம் இருவரையும் அடிக்க வந்தார்.

அந்தப் போட்டியை நீ மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்தாய். அதன்பின் உன் வலக்கை தோளுக்குமேல் உயரவேயில்லை. ஒருமுறை, ஒரே முறை, அதைப் பற்றி உன்னிடம் பேச்செடுத்தேன். "போய்ச் சேர்ந்துச்சுல்லா? பொறவு என்னலே" என்று தறியை நோக்கித் திரும்பிவிட்டாய்.

அந்தப் பொதி என் மேசைமேல் இருக்கிறது. துண்டு இற்றபோது அதன்மேல் வேறு துணி சுற்றினேனே தவிர, உன் முடிச்சை அவிழ்க்கவில்லை. விரல்கள் விறைத்துவிட்டன, கனமெதையும் தூக்க வேண்டாம் என்கிறார் மருத்துவர். காலைதோறும் தூக்குகிறேன், நாளையும் தூக்குவேன். என் கை பெரியது. பொதியைச் சுற்றி வளைத்தால் விரல்நுனி உள்ளங்கையைத் தொட்டுவிடும். அது உன் கைக்குக் கட்டியது. உன் விரல்கள் எதுவரை எட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தில் என் விரல்களை நிறுத்தித்தான் தூக்குகிறேன்.