பெர்த்ரான் கையால் தள்ளிய ஒரு மணி நேரம்

அன்புள்ள ஸக்கியாவுக்கு, ஸலாம். நோன்பில் உன் தலைவலி எப்படி இருக்கிறது?

ஆலையில் நீ கணினித் திரைமுன் காத்திருந்தும் நம் எண்ணெய் வாங்கும் பெர்த்ரான் வராததற்குக் காரணம் அவன் மூளைதான். நோன்புக்காக மொராக்கோ கடிகாரத்தைப் பின்னே வைத்ததும் அவன் போன் காலண்டர் தானாகவே சந்திப்பை ஒரு மணி நேரம் தள்ளிவிட்டது. அந்த மேதை கையாலும் இன்னொரு மணி நேரம் தள்ளிவிட்டு, நீ எழுந்து போன பிறகு வந்து உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டான்: "உங்க வீட்டம்மா வரல இத்ரீஸ். எண்ணெய் ஆர்டரை வேற ஆளுக்குக் கொடுத்திடவா?"

நேரே போய் அவன் காலண்டரைப் பார்த்தேன். "அதுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே, முசியே! நீங்க மாத்தினதை அழிங்க."

"உங்க நாட்டுக் கடிகாரமே குழப்பம்," என்று முனகிக்கொண்டே அழித்தான். மாதக் கடைசியில் இங்கே பிரான்ஸிலும் கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள். அன்றைக்கு இவன் எங்கே போய் நிற்பானோ! வியாழக்கிழமை நீ பேசி முடி, ஆர்டர் நமக்குத்தான்.

வறுத்த பாதாம் மாவு கொஞ்சம் அனுப்பு. இங்கே பாங்கு காதில் விழுவதில்லை. அங்கே மக்ரிப் பாங்கு சொல்லும்போது கூப்பிடு. இங்கே சூரியன் முன்பே மறைந்துவிடும், நான் நோன்பு திறந்திருப்பேன், பரவாயில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் கடைக்கு ஆள் வந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

இத்ரீஸ்