தூக்காத துவாய்

மார்ச் 9, சனி.

இன்று அன்ரனிடம் பொய் சொன்னேன்.

ஆலங்குடாவில் டொல்பின் காட்டப் படகு ஓட்டுகிற எங்களுக்குள் ஒரு வழக்கம். முதலில் காண்கிறவன் தோளில் கிடக்கிற துவாயைத் தூக்கிச் சுழற்ற வேண்டும். மற்றப் படகுகளும் வந்துவிடும். யாருடைய பயணிகளும் ஏமாந்து திரும்பக்கூடாது.

போன கிழமை நான்தான் சுழற்றினேன். ஒன்பது படகுகள் வந்து வளைத்துக்கொண்டன. ஒரு குட்டி தாயைத் தவறவிட்டு, எஞ்சின்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு தாயோடு சேர்ந்ததோ தெரியாது.

இன்று காலையிலும் குட்டிகளோடு ஒரு கூட்டம். எஞ்சினை நிறுத்தினேன். துவாய் தோளில்தான் கிடந்தது. எடுக்கவில்லை. அரை மணித்தியாலம் அவை எங்கள் பக்கத்திலேயே ஆறுதலாக நீந்தின.

கரையில் அன்ரன் நின்றான். மனைவியின் தம்பி, அவனும் படகோட்டி. ஒன்றும் காணாத கோபத்தில் அவனுடைய பயணிகள் ஏசிவிட்டுப் போயிருந்தார்கள்.

"அத்தான், ஏதும் கண்டீங்களா?"

"இல்லடா. கடல் சும்மா கிடந்திச்சு."

என் படகில் வந்த வெள்ளைக்காரப் பெண் அந்த நேரம் பார்த்துப் போனை அவனிடம் நீட்டினாள். தாயும் குட்டியும் ஒட்டிக்கொண்டு நீந்துகிற படம். அவளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு தன் சிவப்புத் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

குட்டியைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கலாம். இதற்கெல்லாமா என்று பகிடி பண்ணுவான் என்று நினைத்துவிட்டேன்.

பின்னேரம் படகைக் கழுவப் போனேன். நான் இருந்து ஓட்டுகிற பலகையில் அன்ரனின் சிவப்புத் துவாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. தூக்கிக் காட்ட உங்களிடம் துவாய் இல்லையா என்று அவன் கேட்பது போல இருந்தது.

நாளைக் காலை ஆறு மணிக்குப் பயணம். இப்போது என்னிடம் இரண்டு துவாய் இருக்கிறது.