கிள்ளாமல் விட்ட மொட்டுகள்

அக்கா,

காலையில் டேலியாவின் பக்க மொட்டுகளைக் கிள்ளிவிட்டு வந்தேன். சோப்புப் போட்டுக் கழுவியும் அந்தப் பச்சை வாடை விரலை விட்டுப் போகவில்லை. உடனே உங்கள் முகம் முன்னால் வந்து நின்றது, கோபமாக.

தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் உங்கள் வீட்டுக் காம்பராவும் என் காம்பராவும் அடுத்தடுத்து. வாசல் நிலத்தில் ஆளுக்குப் பாதி. என் பக்கம் சிவப்பு, உங்கள் பக்கம் வெள்ளை. நான் நடு மொட்டை மட்டும் விட்டு, அதன் இரண்டு பக்கத்தையும் கிள்ளிவிடுவேன். பூ சோற்றுத் தட்டளவு விரியும். நீங்கள் ஒன்றையும் தொடமாட்டீர்கள்.

“நாள் பூரா மலையில கொழுந்து கிள்ளுறது பத்தலையாடி? வீட்டுக்கு வந்தும் கிள்ளணுமா?”

“ஒங்க பூவு சட்டைப் பொத்தான் கணக்கா இருக்கு, அதப் பாருங்க மொதல்ல.”

“பொத்தானா இருந்தாலும் செடி நெறைய இருக்குல்ல?”

இப்படியே நமக்கு முடி நரைத்தது.

நீங்கள் கண் மூடிய பிறகு பிடித்த மழை விடவே இல்லை. உங்கள் மகன் வந்தான். சமைக்கிற குசினியை முன்னால், உங்கள் பாதி நிலத்தின் மேல் இழுத்துக் கட்டப் போகிறானாம்.

“சின்னம்மா, நாளைக்குக் கல்லு எறக்குறோம். அம்மாவோட டேலியாக் கெழங்கு வேணும்னா இன்னைக்கே எடுத்துக்குங்க.”

கையாலேயே தோண்டினேன். தொட்டதெல்லாம் கூழாக வந்தது. “அழுகிப் போச்சு, விடுங்க. நுவரெலியா போனா புதுசு வாங்கலாம்” என்றான். வாங்கலாம்தான். அது நீங்கள் வைத்த செடி ஆகுமா? அடியில் விரல் பருமனில் ஒரு கிழங்கு கெட்டியாக இருந்தது. கழுத்து ஒடியவில்லை, அதில் அரிசி மாதிரி ஒரு கண். கழுத்தில் கண் இல்லாத கிழங்கு யானை அளவு இருந்தாலும் முளைக்காது. சாம்பல் தடவி, ஓட்டை வாளியில் மண் போட்டு, மழை படாமல் இறவாரத்தில் வைத்தேன்.

“தண்ணி ஊத்துறியா, பூசை பண்ணுறியா?” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். செய்யட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு மலைக்குப் போனவள். ஆனால் என் கை வைத்துச் செத்த செடி கிடையாது. முளைத்தது.

இப்போது என் பாதி நிலத்தில் இடுப்பளவு நிற்கிறது. மொட்டு மூன்று மூன்றாகக் கட்டியபோது என் விரல் தானாகப் போனது. இழுத்துக்கொண்டேன். நீங்கள் சொன்னது சரி என்று நினைத்துவிட வேண்டாம். என் சிவப்புப் பூவைத்தான் பேத்தி படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்புகிறாள்.

போன வாரம் உங்கள் மகன் வந்து வெள்ளைச் செடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“பக்கத்து மொட்டக் கிள்ளுனா இதுவும் பெருசா வருமா சின்னம்மா?”

“கைய எடு. ஒங்கம்மா செடி இப்படித்தான் பூக்கும்.”

நீங்கள் இருந்தவரை ஒரு நாளும் உங்கள் பக்கம் பேசாதவள் நான். இப்போது உங்கள் வழக்கையும் நானே பேசுகிறேன், அக்கா. என் வழக்கையும் விடவில்லை.