மரப்பெட்டிப் பட்டறையில் பணம் போடச் சொன்னவள்

என் உயிரான ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. எரிச்சல் தாங்காமல்தான் இன்று எழுதுகிறேன். யார்மேல் என்று கேட்காதே, என்மேல்தான்.

போன வாரம் சேலத்தில் வியாபாரிகள் கூட்டம். என்னை மேடையேற்றி, எந்தத் தொழில் நிற்கும், எது விழும் என்று பார்த்ததுமே சொல்லிவிடும் முதலீட்டாளர் என்றார்கள். எனக்குக் கூசிவிட்டது. "எல்லாம் எங்க அக்கா சொன்னதுங்க" என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். நான் உன்னைப் பேசிய பேச்சு அவர்களுக்குத் தெரியுமா?

எழுபதுகளின் கடைசியில் நாகலூரில் நான் போட்ட ஜாம் கொட்டகையை நினைத்துப் பார். காய்ச்சியது முழுக்க நீதான். பேரிக்காய் ஒரே சமயத்தில் வந்து குவியும். பிறகு மாதக்கணக்கில் அடுப்பு சும்மா கிடக்கும். பஸ்ஸில் ஏற்றி அனுப்பினால் மலைப்பாதை வளைவுகளில் பாட்டில்கள் உடையும். ஆறு வருஷம் அப்படியே இழுத்தோம்.

அப்போதுதான் வெள்ளக்கடை மாரிமுத்து ஆசாரி தடுப்பு வைத்து ஒரு மரப்பெட்டி செய்து தந்தார். அதில் போன பாட்டில் ஒன்றுகூட உடையவில்லை. நான் பாட்டிலைப் பார்த்துக் குதித்தேன். நீ பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"தம்பி, மாசக்கணக்குல அடுப்பு சும்மா கிடந்தா நம்ம ஜாம் இனி ஓடாது. இந்தப் பெட்டி எல்லா எஸ்டேட்டுக்கும் வேணும். ஆசாரிக்குக் கைவேலை நொம்ப நல்லா இருக்குது, மரம் வாங்கத்தான் வழியில்ல. அண்டாவையெல்லாம் வித்துப்போட்டு அவரு பட்டறையில பங்கு சேர்ந்துக்கோ" என்றாய்.

"தொழிலைப் பத்தி உனக்கென்னக்கா தெரியும்? ஊட்டு வேலையைப் பாரு" என்றேன். வேலையாட்கள் எல்லோர் முன்னாலும்.

நீ கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். பிறகு கொட்டகைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் வாரம் மாரடைப்பு. மன்னிப்புக் கேட்க ஒருநாள்கூடக் கொடுக்காமல் அப்படியா போவாய்?

அந்த மாதமே அண்டாக்களை விற்றேன். பணத்தோடு போனபோது மாரிமுத்து, "ஏனுங்க, அக்கா இருக்கையிலயே வந்திருக்கலாமுங்களே" என்றார். பணத்தை அவர் கையில் கொடுத்தேன். ஆரஞ்சுக்கு, காப்பிக்கு, பிறகு சேலத்து மெஷின்களுக்கு என்று அவர் பெட்டிகள் போயின. அந்த லாபத்தில் ஒரு பேக்கரி, ஒரு லாரி ஷெட், ஒரு நாற்றுப் பண்ணை என்று பங்கு சேர்ந்தேன். எங்கே போனாலும், இவருக்கு வேலை தெரியுமா, பணம் மட்டும்தான் இல்லையா என்று உன்னைப் போலவே பார்த்தேன்.

இவ்வளவு கற்றும் நேற்று என்ன செய்தேன் தெரியுமா? உன் மகள் ரீட்டா வந்தாள். ஒண்டிக்கடை முக்கில் ஒரு கடை போட்டு, வாங்குகிறவர் கண்முன்னேயே காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்து விற்கப் போகிறாளாம். அவள் பாதி சொல்லும்போதே, "உனக்கெதுக்குக் கண்ணு இந்தத் தலைவலி? டீச்சர் வேலையை ஒழுங்கா பாரு" என்றேன்.

"யார் யாரையோ நம்பிப் பணம் போடறீங்க மாமா. எங்கம்மாவை நம்பல. என்னையும் நம்பல." அவ்வளவுதான் சொன்னாள், எழுந்து போய்விட்டாள்.

அவளிடம் நீ சொல்லியிருந்தாயா? இத்தனை வருஷமும் தெரிந்துவைத்துக்கொண்டே என்னை மாமா, மாமா என்று கூப்பிட்டாளா? அதுதான் சுடுகிறது அக்கா.

திங்கட்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். அன்று உன்னைப் பேசியதை என் வாயாலேயே அவளிடம் ஒப்புக்கொள்வேன். பிறகு அவள் பார்த்து வைத்திருக்கும் கடையில், சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருப்பேன். என் பணமே வேண்டாம் என்று அவள் சொன்னாலும், கடை திறக்கிற அன்று முதல் ஆளாகப் போய் வரிசையில் நிற்பேன்.

உன் பேச்சைத் தாமதமாகக் கேட்ட தம்பி,
அந்தோணி