பூங்காவில் வேலை செய்யக் கூடாது

கோவில்பட்டி
12.5.2001

அன்பு மகன் மணிராஜுக்கு, அம்மா வெயிலம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி காளீஸ்வரி எழுதுவது. இங்கன வெயிலைத் தவிர எங்களுக்கு வேறு நோய்நொடி இல்லை. பம்பாயில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கணும். தெருக்குழாயில் அஞ்சு நாளைக்கு ஒருக்காதான் தண்ணீர் வருது. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு, ரெண்டும் கிடா.

உன் கடுதாசி வந்தது. காளியைப் பூங்காவுக்கு அனுப்பாதே, அப்பா இல்லாத பிள்ளையை அவுத்துவிட்டதா ஊர் பேசும்னு எழுதியிருக்கே. உனக்கு யார் சொன்னதுன்னு எனக்குத் தெரியும், சாமித்துரை மாமாதான். அவர் பாதியைத்தான் சொல்லியிருப்பார், மீதியை நான் சொல்லுதேன் கேளு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குள்ளே இருக்க முடியலை. சாயங்காலம் பசைக் கிண்ணத்தையும் ஒட்டவேண்டிய தீப்பெட்டிக் கட்டுகளையும் தூக்கிக்கிட்டு நானும் காளியும் நகராட்சிப் பூங்கா வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தோம். சும்மா இருக்கிறதுக்குன்னே ஒரு இடம் கட்டிப் போட்டிருப்பாங்கன்னு எனக்கு எங்கே தெரியும். காவல்காரர் சிவனாண்டி விசிலை ஊதிக்கிட்டு வந்துட்டார். யக்கா, இது என்ன தீப்பெட்டிக் கம்பெனியா, இங்கன வேலை செய்யக் கூடாது, விளையாடுதவங்களுக்குத்தான் இடம்னு சத்தம் போட்டார். காளி பயந்துபோய் எல்லாத்தையும் அள்ளிட்டா. எனக்குத்தான் வீம்பு வந்துட்டு. அப்போ விளையாடுதோம், என்ன செய்வீருன்னு கேட்டு இவளை ஊஞ்சலில் ஏத்திவிட்டேன்.

எட்டாம் வகுப்போட நிறுத்தி, பெட்டி ஒட்ட உட்கார வச்ச பிள்ளை மணி. நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டா. அன்னைக்கு ஊஞ்சல் மேலே போகப் போகச் சத்தமா சிரிச்சா. அந்தச் சத்தம் எனக்கே புதுசா இருந்தது. இதை எழுத மாட்டேன்னு இப்போ தலையைக் குனியுதா, எழுதுட்டின்னு அதட்டித்தான் எழுத வைக்கேன். அதுக்குப் பிறகு வேலையைக் காலையிலேயே முடிச்சுட்டு, அஞ்சு மணிக்கெல்லாம் போயிருதா. பக்கத்து வீட்டு யோகலட்சுமியோட ரப்பர் வளையம் எறிஞ்சு விளையாடுதா. பொழுது அடையுமுன்னே வீடு வந்துருதா. ஒரு நாள் உன் மாமா வேலியோரம் நின்னு, ஏட்டி, சமைஞ்ச பிள்ளைக்கு ஊஞ்சல் கேக்குதோன்னு கேட்டுட்டார். பிள்ளை ரெண்டு நாள் வாசலைத் தாண்டலை. மூணாம் நாள் அவளைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போய், அவர் பார்க்க நானே ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்தேன். அண்ணாச்சி, சமைஞ்சு முப்பது வருசமான எனக்கும் கேக்குது, வந்து தள்ளிவிடுதீயளான்னேன். சிவனாண்டியே விசிலை மறந்து சிரிச்சுட்டார். அந்தக் கோவத்தில்தான் மாமா உனக்குப் போன் போட்டது.

நீ கோடை லீவு முழுக்க ஹாக்கி மட்டையும் கையுமா மைதானத்திலேயே கிடந்தே. ஊர் பேசும்னு உன்னை யாரும் கட்டிப் போடலை. இவளையும் நான் கட்டிப் போடப் போறதில்லை. நீ ஒரு வருசம் பேசாமல் இருந்தாலும் சரிதான்.

உடம்பைப் பார்த்துக்கோ, வெயிலோட வந்ததும் தண்ணி குடிக்காதே. செண்பகவல்லி அம்மன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டா. ஊருக்கு வரும்போது நல்ல ரப்பர் வளையம் ஒன்று வாங்கிட்டு வா, இங்கன உள்ளது வெயிலில் வெடிச்சுட்டு. மறந்துராதே.

உன் அம்மா
வெயிலம்மாள்

அண்ணனுக்கு, இதுவரைக்கும் அம்மா சொன்னது. இது நான் எழுதுவது. முதல் நாள் அம்மாதான் ஏத்திவிட்டாங்க. இப்போ நானாத்தான் போறேன், அம்மா வராத நாளும் போறேன். இனிமேல் என்னைத் திட்டுறதா இருந்தா என் பேருக்கே கடுதாசி போடுங்க. நானே பதில் எழுதுதேன்.

காளீஸ்வரி