நிலைப்படியில் சிக்கிய உன் அப்பா

வினிப்பெக்
பிப்ரவரி 11

அன்புள்ள லரிசா,

நானும் உன் அப்பாவும் இந்தக் குளிரிலும் உயிரோடும் ஓரளவு புத்தியோடும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே நியூசிலாந்து வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா காலை உடைத்துக்கொண்டதைப் போனில் சொன்னேன், எப்படி என்று சொல்ல அவர் விடவில்லை. படிக்கட்டு எப்படி இருக்கக் கூடாது என்று தன் கட்டடக்கலை மாணவர்களுக்குக் காட்ட ஒரு பழைய கடையின் படிகளைப் படம் பிடிக்கப் போய், அந்தப் படியிலேயே பனியில் வழுக்கி விழுந்தார். படம் மட்டும் நன்றாக வந்திருக்கிறது.

சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தவர், தான் கட்டிய சாய்தளத்தில் ஜம்மென்று ஏறினார், வாசலில் நின்றுவிட்டார். குளிர் நுழையக் கூடாதென்று அவரே வைத்த நான்கு விரல் உயர நிலைப்படி சக்கரத்தை விடவில்லை. யாரும் எந்தக் கட்டடத்திலும் தடையில்லாமல் நுழைய வேண்டும் என்று இருபத்தாறு வருடம் பாடம் எடுத்த மனிதர், நான் தள்ள வந்தால் வேண்டாம், அளந்துகொண்டிருக்கிறேன் என்கிறார். எதிர்வீட்டு வெர்னா தன் சக்கர நாற்காலியில் வந்து எல்லாவற்றையும் பார்த்தாள். எத்தனை முறை கூப்பிட்டும் வராதவள், கர்வக்காரி என்று நாம் பேசிக்கொள்வோமே, அவள்தான். “பதினோரு வருஷமா ஏன் வரலேன்னு இப்ப புரியுதா ஒரெஸ்ட்?” என்றாள். சொல்லியிருக்கலாமே என்று இவர் முனகினார். “நீங்க வாத்தியாரு. உங்களுக்கு நான் பெயில் போட்டா நல்லாவா இருக்கும்?”

அன்று அவர் சாப்பிடவில்லை. சூடும் மின்சாரமும் வீணாகாத வீடுகளுக்குத் தரும் பசுமை வீட்டுப் பரிசுக்கு நம் வீடு கடைசிச் சுற்றில் இருந்தது உனக்குத் தெரியும், அதற்காக அவர் எத்தனை வருடம் காத்திருந்தார் என்பதும் தெரியும். மறுவாரம் நடுவர்கள் வந்தபோது தலைவரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, உள்ளே போங்கள் பார்க்கலாம் என்றார். அவரும் சிக்கினார். பரிசு வேறு வீட்டுக்குப் போயிற்று. அப்பா சீட்டியடித்துக்கொண்டே ஆள் வைத்து நிலைப்படியை அறுத்தெடுத்தார், கதவடியில் குளிரைத் தடுக்க ரப்பர் பட்டை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெர்னா முதல் தடவையாக நம் வீட்டுக்குள் வந்தாள். வாசலைத் தாண்டியதும் நிலைப்படி இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள், அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் எட்டு பெரோகிக் கொழுக்கட்டை சாப்பிட்டாள், புளிக்கவைத்த க்ரீமைக் கிண்ணத்தோடு வாங்கிக்கொண்டாள், போகும்போது சமையல் மேடை ரொம்ப உயரம் என்று சொல்லிவிட்டுப் போனாள். திங்கள் காலை அப்பா சமையலறையை இடிக்கச் சொல்லிவிட்டார். நான் இதைக் குளியலறையில் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்து எழுதுகிறேன், பக்கத்தில் மின்அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருக்கிறது.

கடவுள் உங்கள் இருவரையும் நன்றாக வைக்கட்டும். அப்பாவைப் போனில் நலம் விசாரி, ஆனால் மாடிப்படியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே, அது இன்னும் அவர் கண்ணில் படவில்லை.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா ஓல்கா